வாய்தா சார் தயார்

“தோத்த கேஸ் ஒண்ணுகூட இல்லைங்க மேடம்.”

இதைச் சொல்லிவிட்டு, பாராட்டு வந்து விழட்டும் என்று அரசு வழக்கறிஞர் தொலைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தார். மறுமுனையில், தலைமையகத்தில், சட்டத் துறை இயக்குநர் ஏதோ காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“ஜெயிச்ச கேஸ்?”

“அதுவும் இல்லைங்க மேடம்.”

“அப்ப அங்க என்னதான் நடக்குது?”

“எல்லாம் நிலுவையில இருக்குங்க. நல்லபடியா இருக்கு.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இந்த அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து எந்த வழக்கையும் அவர் முடியவிட்டதில்லை. நீதிமன்றத்தில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, “வாய்தா வேணும் ஐயா” என்பார். அடுத்த தேதி கிடைக்கும். உட்கார்ந்துவிடுவார். வழக்கும் சுகம், அவரும் சுகம். அதனால் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் வாய்தா சார் என்று அழைத்தார்கள். முகத்துக்கு நேரே அழைத்திருந்தாலும் கோபப்படுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டிருப்பார்.

“இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள நமக்குச் சாதகமா ஒரே ஒரு தீர்ப்பாவது வரணும்” என்றார் இயக்குநர். “இல்லைன்னா உங்க ஆபீசை இழுத்து மூடிட்டு, உங்களை இங்க மாத்திடுவேன்.”

“மேடம், அதுக்கு ஒரு சின்ன வாய்தா…”

தொடர்பு அறுந்துபோயிருந்தது.

வாய்தா சார் தொலைபேசியைக் கீழே வைத்தார். தலைமையகம் என்றால் ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும். அவர் மனைவிக்குப் பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு, போன மாதம்தான் உள்ளூர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியை பதவி கிடைத்திருந்தது. அவள் வர மாட்டாள், வரவும் கூடாது. ஆனால் அவள் திட்டாத வீட்டில் இவருக்குத் தூக்கம் வராது.

இந்த யோசனையில் இருந்தபோது அவருடைய வழுக்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

அலுவலக உதவியாளர் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அவருக்கு மின்னல் என்று பெயர். அந்த அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அவர் வந்து சேர்வதற்குள் வாளி நிரம்பிவிடும் என்பதால் வைத்த பெயர்.

“கூரையைப் பத்தி பொதுப்பணித் துறையில மறுபடியும் கேட்டேன் சார். இந்தக் கட்டடம் எங்க கணக்குலயே இல்லைன்னு சொல்றாங்க.”

“அதை அடுத்த வாரம் பாப்போம். நாளைக்கு என்ன கேஸ் வருது?”

“குடைக்காரர் கேஸ் சார்.”

குடைக்காரரை வாய்தா சாருக்கு நன்றாகத் தெரியும். வெயிலானாலும் மழையானாலும் கையில் குடையோடு ஒவ்வொரு தேதிக்கும் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, “இன்னிக்கும் வாய்தாதானா சார்?” என்று சிரித்த முகமாகக் கேட்டுவிட்டுப் போகும் பெரியவர். ஆனால் அவருடைய வழக்கு என்ன என்பது இவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியம் இதுவரை வரவில்லை.

“அந்தக் கேஸ் கட்டை எடு.”

“வேண்டாம் சார். முன்னாடி இருந்த சாருங்க யாருமே அதைத் தொட்டதில்லை.”

“ஏன்?”

“யாருமே தொடாததால நானும் கேட்டதில்லை.”

வாய்தா சார் கட்டை அவிழ்த்தார். விஷயம் ரொம்பச் சின்னதாக இருந்தது. இதே தெருவில் இருபத்தேழாம் எண் கட்டடம் குடைக்காரருடையது. அதில் அரசாங்கம் அலுவலகம் வைத்துக்கொண்டு காலி செய்ய மறுக்கிறது, வெளியேற்ற வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். அதற்கு, இவருக்கு முன்பு இங்கே இருந்த ஓர் அதிகாரி ஒரே வரியில் பதில் கொடுத்திருந்தார்: ‘மேற்படி கட்டடத்தில் அரசு அலுவலகம் எதுவும் இல்லை.’

“நம்ம தெருதான்யா. போய் இருபத்தேழுல என்ன இருக்குன்னு பாத்துட்டு வா.”

மின்னல் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார்.

“பளபளன்னு நீலத் தகட்டுல இருபத்தேழுன்னு போட்டிருக்கு சார். உள்ள சலவைக் கடை. நம்ம துணி போடற கடைதான். உங்க அங்கி ரெடியா இருந்துது, அதையும் வாங்கிட்டு வந்துட்டேன்.”

வாய்தா சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சலவைக் கடையை அரசு அலுவலகம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இத்தனை காலமாக நடையாய் நடக்கிறார். பாவம், பெரியவருக்கு மறை கழன்றுவிட்டது போலிருக்கிறது. இப்படி ஒரு வழக்கு கையில் கனிந்து தொங்கியிருக்கிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சாப்பாட்டு மேஜையைக் கரண்டியால் தட்டி நீதிபதியானாள்.

“குடைக்காரர் வழக்கு. அரசுத் தரப்பு என்ன சொல்லுது?”

அவர் எழுந்தார். “வாய்தா.”

“என்னங்க இது? மறுபடியும் சொல்லுங்க.”

“வாய்தா. நான் சொல்லலை, வாய் தானா சொல்லுது.”

“சரி, வேற கேக்கறேன். சமையலறைக் குழாய் எத்தனை நாளா ஒழுகுது. எப்ப சரி பண்ணப் போறீங்க?”

“அடுத்த வாரம்.”

“அதேதான். வார்த்தைதான் வேற.” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “எங்க ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்ககூட பேர் கூப்பிட்டா ஒழுங்கா பதில் சொல்லுது. நான் கூப்பிடுவேன். நீங்க ‘தயார்’னு சொல்லணும். அது வர்ற வரைக்கும் சாப்பாடு கிடையாது.”

குழம்பு ஆறிப்போன பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. அவள் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். “நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டறது” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் நீதிமன்றத்தில் வழக்கின் பெயரைக் கூப்பிட்டார்கள். தட்டச்சர் வழக்கம்போல ‘வாய்தா’ என்று அடித்து, அடுத்த தேதியையும் போட்டு முடித்திருந்தார். வாய்தா சார் எழுந்தார்.

“தயார் ஐயா.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“என்ன சொன்னீங்க?”

“தயாரா இருக்கேன் ஐயா. வாதாடப் போறேன்.”

குடைக்காரரின் வக்கீல் பேயறைந்த மாதிரி எழுந்து நின்றார். அவர் கையில் கட்டு இல்லை. பல் மருத்துவரிடம் போகிற வழியில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

“ஐயா, இது அநியாயம். இவர் வாய்தா கேப்பாருன்னு நம்பித்தான் நான் எதையும் படிக்கலை.”

“அப்ப நீங்க வாய்தா கேக்கறீங்களா?”

“எனக்குப் பழக்கமில்லைங்க ஐயா. இந்தக் கேஸ்ல எப்பவும் அவர்தான் கேப்பாரு.”

நீதிபதியும் எதையும் படித்திருக்கவில்லை. அதை மறைப்பதற்காகவே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “இனிமே இந்தக் கேஸ்ல யாருக்கும் வாய்தா கிடையாது. அரசுத் தரப்புக்குச் சாட்சி இருந்தா மதியத்துக்குள்ள கொண்டுவாங்க.”

சாட்சி என்று ஒன்று தேவைப்படும் என்பது வாய்தா சாருக்கு மறந்தே போயிருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சலவைக்காரரைக் கூட்டிவரச் சொல்லி மின்னலை அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் யாரை அனுப்பியிருக்கிறோம் என்பது உறைத்தது. அன்றைக்கு மட்டும் மின்னல் எப்படியோ மதிய இடைவேளை முடிவதற்குள் வந்துவிட்டார். பின்னாலேயே சலவைக்காரர், முகம் வெளுத்து வந்தார்.

கூண்டில் ஏறியதும் சலவைக்காரர் கும்பிட்டார். யாரும் கேள்வி கேட்பதற்கு முன்பே, “நான்தாங்க ஐயா பண்ணேன்” என்றார்.

“என்ன பண்ணீங்க?” என்றார் நீதிபதி.

“அந்த அங்கியில ஓட்டை போட்டது நான்தாங்க. இஸ்திரிப் பெட்டியை வச்சுட்டு போன் பேசப் போயிட்டேன். இதுக்குப் போயி கோர்ட்டு வரைக்கும் இழுப்பாருன்னு நினைக்கலை.”

எல்லோரும் வாய்தா சாரின் முதுகைப் பார்த்தார்கள். அங்கியின் நட்ட நடுவே இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை, அதன் வழியே வெள்ளைச் சட்டை. காலையிலிருந்து பின்வரிசை வக்கீல்கள் ஏன் இருமிக்கொண்டே இருந்தார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொரு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே வாய்தா கேட்டிருப்பார். வாய் திறந்தும்விட்டது. சுவரைப் பார்த்துப் பேசிய மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு மறுபடியும் திறந்தார்.

“இந்த ஓட்டை எங்க விழுந்துது?”

“என் கடையிலதாங்க.”

“உங்க கடை எங்க இருக்கு?”

“இருபத்தேழாம் நம்பருங்க.”

“அங்க அரசாங்க ஆபீஸ் ஏதாவது இருக்கா?”

“துணியை வைக்கவே இடம் இல்லைங்க. ஆபீசை எங்க வைக்கறது?”

வாய்தா சார் நீதிபதி பக்கம் மெதுவாகத் திரும்பினார். “ஐயா, ஆதாரத்தை நான் என் முதுகிலேயே சுமந்துட்டு வந்திருக்கேன்” என்று ஆரம்பித்தார். இத்தனை காலம் வாய்தாவால் அடைபட்டுக் கிடந்த பேச்செல்லாம் மடை திறந்த மாதிரி கொட்டியது. “அந்தக் கட்டடத்துல அரசாங்கம் ஒரு நாளும் இருந்ததில்லை. ஒரு கோப்பு வச்சதில்லை. ஒரு நாற்காலிகூடப் போட்டதில்லை ஐயா, ஒரு நாற்காலிகூட” என்று மேஜையைத் தட்டியபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

குடைக்காரரின் வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். கடைசி வரிசையிலிருந்து வந்த குடைக்காரர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். “விடுங்க தம்பி. அவர் நல்லாத்தான் பேசறாரு. பேசட்டும்.”

சாயங்காலமே தீர்ப்பு வந்தது. மேற்படி கட்டடத்தில் அரசு அலுவலகம் எதுவும் இல்லை, இருந்ததும் இல்லை, வழக்கு தள்ளுபடி. பின்வரிசை வக்கீல்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் வாய்தா சாரின் முதுகில் தட்டப்போக, அவருடைய கை ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டது.

வெளியே குடைக்காரர் கையை நீட்டினார். “பிரமாதம் சார். அந்த நாற்காலி விஷயம் ரொம்பப் பிரமாதம். தீர்ப்பு நகல் கேட்டா எனக்கும் குடுப்பாங்களா?”

“தோத்தவருக்கு நகல் எதுக்குங்க?”

“கண்ணாடி போட்டு மாட்டி வைக்கத்தான்.”

நல்ல மனுஷர், தோற்றதுகூடப் புரியவில்லை என்று வாய்தா சார் மனம் இளகிப்போனார். அதோடு அன்றைக்கே நகல் எடுத்துக்கொடுக்கவும் தாமே ஏற்பாடு செய்தார்.

தொலைபேசியில் இயக்குநரின் குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இருந்தது. “உங்க ஆபீஸ் இருக்கற இடத்துலயே இருக்கும். யாராலயும் அசைக்க முடியாது. எழுதியே அனுப்பறேன்.”

அன்றைக்கு அவர் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தார். மனைவி விஷயத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு ‘தயார்’ சொல்ல இத்தனை வருஷமா?” என்று வாய் நிறையத் திட்டினாள். அவர் அதை ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டு, சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டினார். ஒழுகுவது நின்றது. இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத் தெருவில் திரும்பியவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அலுவலகத்து நாற்காலிகள் எல்லாம் நடைபாதையில் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. அவற்றில் மின்னலும் மற்றவர்களும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். தமக்குத் தெரியாமல் பாராட்டுக் கூட்டமே ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று நினைத்தார். அங்கியின் ஓட்டை தெரியாதபடி திரும்பி நின்று, தொண்டையைச் செருமினார்.

“இந்த வெற்றி என் ஒருத்தனோட வெற்றி இல்லை…”

யாரும் கைதட்டவில்லை. மின்னல் கண்ணால் வாசலைக் காட்டினார். வாசல் கதவில் கை அகலத்துக்கு ஒரு புதுப் பூட்டு தொங்கியது. கதவுக்கு மேலே, நாற்பத்தொன்று என்று எழுதிய நீலத் தகட்டை யாரோ கழற்றியிருந்தார்கள். அதன் அடியில் பழைய சுண்ணாம்பில் வேறொரு எண் மங்கலாகத் தெரிந்தது. படியில் குடைக்காரர் கண்ணாடி போட்ட தீர்ப்பு நகலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பெரியவரே, என்ன விளையாட்டு இது? கதவைத் திறங்க, ஆபீசுக்கு நேரமாச்சு.”

“எந்த ஆபீஸ் சார்?” என்றார் குடைக்காரர், சிரித்த முகம் மாறாமல். “தெருவுக்குப் புது நம்பர் போடறதுக்கு முன்னாடி இதுதான் இருபத்தேழு. இங்க அரசாங்கம் ஒரு நாற்காலிகூடப் போட்டதில்லைன்னு நேத்து நீங்கதானே ஜெயிச்சுக் குடுத்தீங்க?”