இரண்டு சட்டத்துக்கு நடுவே ஒரு கதிரை

மொன்றியலில் நம்மவர்களுக்குள் நடுச்சட்டக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். மாகாணச் சட்டம் ஒன்று, நாடு முழுவதற்குமான ஒட்டாவாச் சட்டம் ஒன்று என்று நமக்கு இரண்டு இருக்க, இரண்டுக்கும் இடையில் தனக்கென்று மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் காலை நீட்டி வசதியாக வாழ்பவர். பஸ் பாதுகாப்பில் இந்த இரண்டையும் பொருந்த வைக்க அரசாங்கங்கள் எத்தனை கூட்டம் போட்டிருக்கும்! நம்மவருக்குக் கூட்டம் எதற்கு? நின்ற நிலையிலேயே பொருத்திவிடுவார். இரண்டில் எது இளகலோ, அதுதான் சட்டம்.

செயின்ட்-மிஷேலில் வசிக்கும் வலன்ரைன் இந்த இனத்தின் நல்ல மாதிரி. போன ஆவணியில் ஒன்ராறியோவிலுள்ள மாதா கோயிலுக்குப் பஸ் ஒழுங்கு செய்தவர் அவர்தான். இருக்கை ஐம்பத்தாறு. ஆட்கள் ஐம்பத்தேழு. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத வாய், கடைசியில் மருமகளுடைய ஏழு வயது மகள் றொசானாவுக்கும் ஓம் என்றுவிட்டது. அதனாலென்ன? விடியற்காலை ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு வந்து சேர்ந்தார்.

பஸ் ஓட்ட வந்தவர் சிசிலி. ஊரில் பேசாலைக்காரி. பதினொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய கை. சக்கரங்களைத் தட்டி, விளக்குகளைப் பார்த்து, அவசரக் கதவைத் திறந்து மூடி, பஸ்ஸைச் சுற்றி வந்தவர், நடுப்பாதையில் கதிரையைக் கண்டார்.

"இது ஆருக்கு?"

"சின்னப் பிள்ளைக்கு, தங்கச்சி. இஞ்ச மாகாணச் சட்டம். ஒன்ராறியோ எல்லை தாண்டினாப் பிறகுதானே ஒட்டாவாச் சட்டம்? அதுவரைக்கும் ஒரு மணித்தியாலம் இருந்திட்டுப் போகட்டும்."

மாகாணச் சட்டம் இதற்கு எங்கே இடம் கொடுத்தது என்று கேட்காதீர்கள். அவர் வாசித்ததில்லை. வாசிக்காத சட்டம்தான் நன்றாக வளையும்.

"எல்லைக்கு அங்கால?"

"அங்கால... எல்லாரும் கொஞ்சம் நெருங்கி இருப்பம்."

"அண்ணை, சட்டம் ரெண்டா இருக்கலாம். பிரேக் ஒண்டுதான்."

சொல்லிவிட்டுக் கதிரையைத் தூக்கி வெளியே வைத்தார். பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. பூசை தொடங்கிவிடுமே என்றார் ஒருவர். நாங்கள் ஊரில் மினிபஸ்ஸில் தொங்கிப் போகவில்லையா என்றார் இன்னொருவர். சிசிலி சாவியைக் கையில் வைத்தபடி நின்றார். பத்து நிமிடம் போனது. கடைசியில் வலன்ரைனின் மனைவி அக்னெஸ்தான் வாயைத் திறந்தார்.

"நீங்கள்தானே ஆளைக் கூட்டினனீங்கள்? நீங்கள் இறங்குங்கோ."

மற்ற ஐம்பத்தாறு பேரும் யன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்தார்கள். வலன்ரைன் இறங்கினார். அவருடைய இருக்கையில் றொசானா ஏறி உட்கார்ந்தாள். சிசிலி வந்து இருக்கைப் பட்டியை மாட்டிவிட்டார். கதிரையோடு வாசலில் நின்ற மனிதருக்கு யாரும் கைகூடக் காட்டவில்லை.

எல்லைக்கு அப்பால், கோர்ன்வால் நகரைத் தாண்டிய பிறகு, யாரோ சோடா கொடுப்பதற்காகப் பின்னாலிருந்த ஐஸ்பெட்டியை நடுப்பாதைக்கு இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்து முன்னால் போன லொறியின் டயர் வெடித்து, பாதி ரப்பர் ரோட்டில் புரண்டது. சிசிலி பிரேக்கை மிதித்தார். பட்டி போட்டவர்கள் ஒருமுறை முன்னால் போய்த் திரும்பினார்கள். ஐஸ்பெட்டி திரும்பவில்லை. நடுப்பாதை முழுவதையும் வழுக்கிக் கடந்து, முன்படியில் மோதி, மூடி பிளந்து நின்றது. பெரியவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். றொசானா மட்டும் பிரெஞ்சில் கேட்டாள், இன்னொரு தடவை இப்படிச் செய்வார்களா என்று.

வலன்ரைன் அப்போது ஜான்-டலோன் சந்தையில் கோபத்தோடு தக்காளி தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"பிள்ளையை இருத்தவெண்டு நீங்கள் கதிரை வைச்ச இடத்தால," என்றார் அக்னெஸ், "இப்ப ஐஸ்பெட்டி பறந்து போச்சுது."

"பிள்ளை?"

"பிள்ளை சுகம்."

அவர் தக்காளியைத் திரும்ப வைத்தார். கடைக்காரர் கவிழ்த்துக் கொடுத்த பெட்டியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் நடுச்சட்டக்காரராக இருக்கவில்லை. வெறும் மனிதராக இருந்தார்.

ஆனால் இனம் இலேசில் அழியுமா? அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில், சுற்றி நின்ற பத்துப் பேருக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "சட்டத்தில விளையாடக் கூடாது. மாகாணமெண்டா என்ன, ஒட்டாவா எண்டா என்ன? அதுதான் அண்டைக்கு நானே யோசிச்சு இறங்கினனான்."

பக்கத்தில் நின்ற சிசிலி தேநீரை ஊதினார்.

"ஓம் அண்ணை," என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி. கீழே கடை வாசலில், தீயணைப்புக் குழாய்க்கு முன்னால், நாலு விளக்கையும் மின்ன விட்டபடி 'இரண்டு நிமிடம்தானே' என்று நிற்கிறதே ஒரு கார், அது யாருடையது?