அறிவுமதிக்கு முதுகு தடவப்போய் நான் மாட்டிக்கொண்டது

ஸ்ரீரங்கம்,
செவ்வாய்க்கிழமை.

பாசமுள்ள அக்கா மலர்க்கொடிக்கு, தம்பி ரெங்கராஜ் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பானுப்ரியாவும் உன் மருமகள் அறிவுமதியும் சௌக்கியம். ஓசூரில் நீயும் மாமாவும் அப்படியே இருக்க ரெங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். முதல் பத்தியில் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். இரண்டாவது பத்தியிலிருந்து நீயே தீர்மானித்துக்கொள்.

கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். வீட்டிலிருந்து பேசினால் பானு காதில் விழும். சத்திரம் பஸ் நிலையத்தில் என் டைம் கீப்பர் அறையிலிருந்து பேசினால் எந்த நேரமும் இரண்டு கண்டக்டர்களாவது பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் உன் போனை மாமாதான் முதலில் பார்ப்பார். இந்தக் கடிதத்தையும் அவரிடம் காட்டாதே. காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் பொன்மலை என்று வருகிற இடங்களை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு காட்டு.

அறிவுமதிக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. நடக்க மூன்று வருஷமும் பேச ஆறு வருஷமும் எடுத்துக்கொண்டவள் என்பது உனக்குத் தெரியும். இப்போது அவளிடம் ஏறக்குறைய நாற்பது வார்த்தைகள் இருக்கின்றன, அந்த நாற்பதை வைத்தே எங்கள் இரண்டு பேரையும் நன்றாக வேலை வாங்குகிறாள். ராத்திரி படுக்கை நனைவது மட்டும் நிற்கவில்லை. குழந்தைகள் டாக்டர் ஸஹ்ராவிடம் காட்டினோம். சிறுநீர், சர்க்கரை, மலச்சிக்கல் எல்லாம் பார்த்துவிட்டு உடம்பில் வேறு கோளாறு இல்லை, இவளைப் போல வளர்ச்சி மெதுவாக இருக்கும் பிள்ளைகளுக்கு இது கொஞ்ச காலம் நீடிப்பது உண்டு, முக்கியமாக நீங்கள் இரண்டு பேரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது என்றார். தில்லை நகரில் ரிஃப்ளெக்ஸ் தெரபி என்று ஒன்று சொல்லித்தருகிறார்களாமே என்று பானு கேட்டாள். அதற்கு நிரூபணம் கொஞ்சம்தான், ஆனால் கெடுதல் இல்லை, பிள்ளைக்குப் பிடித்தால் செய்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்று அவர் அதை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

தில்லை நகரில் அந்தத் தெரபி சொல்லிக்கொடுக்கிற பெண்ணின் பெயர் பிரான்சி. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், நல்ல பொறுமை. பிறந்த குழந்தையின் இடுப்புக்கு மேலே முதுகெலும்பு ஓரமாகத் தடவினால் இடுப்பு தானாக அந்தப் பக்கம் வளையுமாம். ஒரு வயதுக்குள் அது அடங்கிவிட வேண்டும், சில பிள்ளைகளுக்கு அடங்காமல் தங்கிவிடும், அப்புறம் தூக்கத்தில் போர்வை உரசினாலும் உடம்பு முழித்துக்கொண்டு அவசரப்படும் என்று விளக்கினார். அறிவுமதியைக் கையையும் முழங்காலையும் ஊன்றி நிற்கவைத்து, ஒரு சின்ன பெயின்ட் பிரஷ்ஷால் முதுகில் கோடு இழுத்தார். பிள்ளையின் இடுப்பு பஸ் திரும்புகிற மாதிரி திரும்பியது. அவளுக்கு ஒரே சிரிப்பு. "இன்னும்" என்றாள். தினமும் மெதுவாகத் தடவி, கூடவே சில பயிற்சிகளும் செய்துவந்தால் உடம்பு அதற்குப் பழகி அடங்கும் என்றார் பிரான்சி. எங்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுப்பதற்காகப் பெற்றோரில் ஒருவர் அதேபோல முட்டிபோட வேண்டும் என்றார். பானு அன்றைக்குப் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். ஆகவே நான் முட்டிபோட்டேன்.

அக்கா, நாற்பத்தெட்டு வயது ஆளின் இடுப்பு அப்படித் திரும்பும் என்று அந்தப் பெண்ணும் எதிர்பார்க்கவில்லை. பிரஷ் பட்டதுதான் தெரியும். என் இடுப்பு பக்கத்திலிருந்த அலமாரியை இடித்து, அலமாரி மேலிருந்த கூடை கவிழ்ந்து, கலர் கலராக இருநூறு பிளாஸ்டிக் பந்துகள் அறை முழுக்க ஓடி, வெளியே காத்திருந்தவர்களின் காலடி வரைக்கும் போயின. அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத் திருவிழாதான். அறிவுமதி கைதட்டினாள். பிரான்சி மட்டும் சிரிக்காமல் பேனாவை எடுத்துக்கொண்டு, "சார், சின்ன வயசுல உங்களுக்கும் ராத்திரியில இந்தப் பழக்கம் இருந்துச்சா? இருந்தா சொல்லுங்க, தப்பே இல்ல. குடும்பத்துல வர்றதுதான்" என்றார். பானு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அவள் பார்க்காத ஒரு பார்வை அது. நான் எழுந்து சட்டையை உதறிக்கொண்டு, "எனக்கு இல்லைங்க. எங்க அக்காவுக்கு இருந்துச்சு. பதினோரு வயசு வரைக்கும்" என்றேன்.

அந்தப் பெண் அதை ஃபாரத்தில் எழுதிக்கொண்டுவிட்டார். 'அத்தை, பதினோரு வயது.' பேனாவால், அக்கா.

திரும்பி வருகிற பஸ்ஸில் காவிரிப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டே பொன்மலையை நினைத்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த ஒற்றை அறை, நான்கு பேருக்கு மூன்று பாய், காலையில் ஒர்க்ஷாப் சங்கு ஊதுவதற்கு முன்னால் நீ என்னைத் தட்டி எழுப்பி வேறு டவுசரை நீட்டியது. அம்மா எழுந்து பார்க்கும்போது என் பாய்மேல் சொம்பு கவிழ்ந்து கிடக்கும், நீ தலையைக் குனிந்து நிற்பாய், "தண்ணி குடிக்கப்போனேன்மா, தவறி விழுந்துடுச்சு" என்று சொல்லுவாய். அம்மா சொம்பைச் சமையல்கட்டில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே போய் எடுத்து வந்து கொட்டினாய். அப்பா அதைப் பரண்மேல் ஏற்றினார். நாற்காலி போட்டு ஏறி எடுத்தாய். கடைசியில் இந்தப் பெண்ணுக்குத் தூக்கத்தில் நடக்கிற வியாதி என்று முடிவுகட்டி, நத்தர்வலி தர்காவுக்கு அழைத்துப்போய் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். இல்லாத வியாதிக்கு நீ எட்டாவது முடிகிறவரை அந்தக் கயிற்றோடு பள்ளிக்கூடம் போனாய். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உனக்கு வளையல் வாங்கவந்த அம்மா, இவள் கையில் எதுவும் நிற்காது என்று சொல்லி கண்ணாடி வளையலை வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் வளையல் வாங்கினார்கள். நான் பக்கத்தில் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டு நின்றேன். எனக்குப் பதினொன்று முடிந்து அது தானாக நின்றபோது உன் வியாதியும் நின்றுவிட்டது. கயிறு வேலை செய்தது என்று அம்மா ஊரெல்லாம் சொன்னார்கள்.

அது போகட்டும். இங்கே வீட்டில் வைத்தியம் ஆரம்பித்தோம். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாய் விரித்து அறிவுமதியைக் குப்புறப் படுக்கவைத்தால் அவள் படுக்கமாட்டேன் என்கிறாள். முதலில் அப்பா படுக்க வேண்டுமாம். கிளினிக்கில் அப்பா அலமாரியை இடித்ததும் பந்து ஓடியதும் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. எனவே தினமும் முதலில் நான் படுக்கிறேன், அவள் பிரஷ்ஷால் என் முதுகில் ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே கோடு இழுக்கிறாள், மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து வருகிறாள். அப்புறம் நட்சத்திரமீன் மாதிரி கையையும் காலையும் விரித்துச் சுருக்கும் பயிற்சி. ஒருநாள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நான் விரித்த கைகால் சுருக்க முடியாமல் மாட்டிக்கொண்டு கிடந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சௌரிராஜன் மோட்டார் போட்டதைச் சொல்ல மாடியேறி வந்தார். எழுபது வயது மனிதர். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. விஷயத்தை விளக்கி அனுப்பினோம். மறுநாள் சாயங்காலம் தயங்கித் தயங்கி வந்து, "ராத்திரியில எனக்கும் தூக்கம் பிடிக்கறதில்லை. குழந்தையைச் சித்த தடவிவிடச் சொல்றேளா?" என்று கேட்டார். இப்போது வரிசையில் முதலில் நான், அடுத்து அவர், கடைசியாகத்தான் நோயாளி.

இப்படியிருக்க, போன மாதம் பானுவின் தம்பி சரவணன் மகளுக்கு லால்குடியில் காதுகுத்து. முதல்நாளே போய்த் தங்கினோம். பானுவின் பெரியம்மா மயிலம்மாள், அறிவுமதிக்கென்று புது இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துப் போட்டார்கள். வேண்டாம் பாய் போதும் என்று சொல்லிப் பார்த்தேன், அவர்கள் கேட்கவில்லை. நாங்கள் கொண்டுபோயிருந்த ரப்பர் ஷீட்டை அறிவுமதி தூக்கத்தில் உருட்டி ஒரு மூலையில் தள்ளியிருந்தாள். காலையில் மெத்தை நனைந்திருந்தது. பானு குளிக்கப் போயிருந்தாள். வீடு நிறைய சனம். வெளியே பெரியம்மா காபி டம்ளரோடு வருகிற சத்தம் கேட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, தலைமாட்டிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெத்தையில் கவிழ்த்துவிட்டேன். அந்த வயதில் உனக்கு இந்தத் தைரியம் எப்படி வந்தது அக்கா?

பெரியம்மா உள்ளே வந்து, "என்ன மாப்ளே, மெத்தை இப்படி நனைஞ்சிருக்கு?" என்று கேட்டார்கள். என் கை பட்டு பாட்டில் சாய்ந்துவிட்டது என்றேன். பின்னாலேயே இரண்டு பெண்கள் எட்டிப்பார்த்தார்கள். அறிவுமதி எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்:

"அப்பா இல்ல. நான்."

நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, "சரி, நீதானா. வா, ஒரு பக்கம் பிடி. வெயில்ல போட்டா காஞ்சுடும்" என்றார்கள். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மெத்தையை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியில் அறிவுமதி பெரியம்மாவுக்குத் தன் முதுகைத் திருப்பிக் காட்டி "தடவு" என்று உத்தரவும் போட்டாளாம். நான் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன். காதுகுத்துக்கு வந்தவர்கள் இவருக்கு ஏன் கண் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்கு ஹோமப் புகை என்றேன். ஹோமம் இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை.

நாற்பது வார்த்தை தெரிந்த பிள்ளை மூன்றே வார்த்தையில் முடித்த காரியத்தை நான் இத்தனை வருஷமாகச் செய்யவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாக இருந்தபோது, நீ புகட்டவந்த தண்ணீரைப் பார்த்து நர்ஸிடம், "அவ கையில குடுக்காதம்மா, கொட்டிருவா" என்று சொன்னார்களே, நினைவிருக்கிறதா? நீ சிரித்தாய். நான் கட்டிலின் மறுபக்கம்தான் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அம்மாவும் சிரித்திருப்பார்கள், இந்த வயதில் என்னை அடிக்கவா போகிறார்கள். சொல்லவில்லை. அது போதாதென்று கிளினிக்கில் இன்னொரு தடவை உன் தலையில் போட்டுவிட்டு வந்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். பானுவிடம் இன்று சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்திருக்கிறேன். ஃபாரத்தையும் திருத்தச் சொல்லப்போகிறேன்.

அறிவுமதிக்குப் போன வாரம் நான்கு நாள் படுக்கை நனையவில்லை. இந்த வாரம் இதுவரை ஒருநாள்தான் நனைந்தது. பிரஷ்ஷா, வயதா, நாங்கள் முகம் சுளிக்காமல் இருப்பதா, எது வேலை செய்கிறதென்று ஸஹ்ரா டாக்டராலும் சொல்ல முடியவில்லை. சௌரிராஜன் நன்றாகத் தூங்குகிறார்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பும் ஆசியும், அறிவுமதியின் சார்பில் ஆளுக்கு மூன்று கோடும். குளிர் ஆரம்பித்துவிடும், முழங்கால் வலிக்குத் தைலம் மறக்காதே.

உன் தம்பி,
ரெங்கராஜ்.

பி.கு.: தபாலில் போடுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பானுவை உட்காரவைத்துப் பொன்மலையில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. போன வெள்ளிக்கிழமையே உனக்குப் போன் செய்து, "அண்ணி, உங்களுக்கு அது எப்படி நின்னுச்சு?" என்று கேட்டிருக்கிறாள். நீ கொஞ்சமும் யோசிக்காமல், ஆமாம் எனக்குத்தான், பன்னிரண்டு வயது வரைக்கும் இருந்தது, தர்காவில் கயிறு கட்டியதும் நின்றது என்று சொல்லியிருக்கிறாய். நான் பதினொன்று என்றேன், நீ எதற்கு ஒரு வருஷத்தைக் கூட்டினாய்? "அக்கா மானத்தைக் காப்பாத்தறதுக்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறீங்களே, இப்படி ஒரு தம்பி யாருக்குங்க கிடைப்பான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இரண்டு நெய்த்தோசை அதிகமாக வார்த்துப் போட்டாள். நானும் சாப்பிட்டுவிட்டேன். கடிதம் கண்டவுடன் பானுவுக்குப் போன் போட்டு, இந்த ஒரு தடவை மட்டும் என்னைக் காட்டிக்கொடு அக்கா.