நொய்கோல்ன் கடை மட்டும் வேண்டாம்

பெர்லினில் குமுதினி வீட்டு வாசலை மிதிப்பதே இல்லை என்று வுப்பர்டாலில் ரயில் ஏறும்போதே சிறீதரன் முடிவெடுத்துவிட்டார்.

குமுதினி அவருடைய மனைவி புஷ்பமலரின் தங்கை. நல்ல பிள்ளைதான். ஆனால் முதியோர் இல்லமொன்றில் சமைத்துப் பழகிய கை. உப்பு, எண்ணெய், உறைப்பு மூன்றும் அவளுக்கு ஜென்ம விரோதிகள். அத்தானுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து, அவருடைய தட்டுக்கும் அவளே பொறுப்பாளி ஆகிவிட்டாள்.

தூதரகத்தில் காலையில் ஒரு டெர்மின், முன்கூட்டியே குறித்துக் கொடுத்த நேரம். அது முடிந்ததும் தமிழ்க் கடையொன்றில் புட்டும் ஆட்டுக்கறியும். பிறகு ரயில். இதுதான் திட்டம். சொந்தக்காரர் இருக்கிற நகரத்தில் கடையில் சாப்பிட்டது வெளியே தெரிந்தால், வருகிற கலியாணவீடு எல்லாவற்றிலும் அதுதான் கதை. ஆகவே பரம ரகசியம்.

"குமுதினிக்கு மூச்சும் விடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"ஓம்," என்றாள் புஷ்பமலர்.

சண்டை இல்லை. கண்ணீர் இல்லை. வெறும் ஓம். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து இப்படியொரு ஓமை அவர் கேட்டதில்லை. வழி நெடுக அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளுடைய போனைத்தான் பார்த்தார்.

"ஆருக்கு எழுதுறீர்?"

"ஆரோ காலை வணக்கம் போட்டிருக்கினம். கும்பிடுற கை போடுறன்."

"எத்தினை கை?"

"ஒண்டுதான். நீங்களும் போடுறியளோ?"

தூதரகத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் வேண்டாவெறுப்பாகக் கேட்பதுபோலக் கேட்டார்:

"எங்க சாப்பிடுவம்?"

"வெடிங் பக்கம் ஒரு தோசைக்கடை இருக்காம்."

கேட்டவுடன் பதில்! யோசித்து வைத்திருக்கிறாள். நிச்சயம் குமுதினி அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள்.

"வேண்டாம்."

"அப்ப ஸ்டேசனுக்குக் கிட்ட ஒரு கொத்துரொட்டிக் கடை..."

"அதுவும் வேண்டாம்."

"சரி, உங்கட விருப்பம். நொய்கோல்ன் கடை மட்டும் வேண்டாம்."

சிறீதரன் நடைபாதையின் நடுவில் நின்றார்.

"ஏன் வேண்டாம்?"

"இறைச்சி பழசாம். தூரமும்."

"பழசோ, தூரமோ? ஏதாவது ஒண்டைச் சொல்லும்."

"ரெண்டும்தான். அங்க வேண்டாமப்பா." அவள் எதிரே நின்ற பேருந்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, பார்த்தீர்களா? பிடித்துவிட்டார் சிறீதரன். தங்கச்சி இல்லாத ஒரே இடம் அதுதான். அதனால்தான் மறிக்கிறாள்.

"அங்கதான் போறம்!"

"சொன்னாக் கேளுங்கோவன்..."

"அங்கதான்!"

கடையில் அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு புட்டு, இரண்டு ஆட்டுக்கறி. கதவு திறக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டி வருகிறவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு ஜெர்மன் கிழவர் பயந்து போய் வேறு மேசைக்கு மாறினார். குமுதினி வரவில்லை. உள்ளேயிருந்து பெருஞ்சீரகம் வறுபடுகிற வாசம் மட்டும் வந்தது. சிறீதரன் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"பாத்தீரோ? திறமான கடை. என்னைப் பேய்க்காட்ட உம்மால ஏலாது."

"ஏலாதுதான்," என்றாள் புஷ்பமலர் பவ்வியமாக.

முதல் தட்டு வந்தது. ஆவி பறக்கிற புட்டு, எலும்போடு மிதக்கிற ஆட்டுக்கறி. அது புஷ்பமலருக்கு முன்னால் போய் இருந்தது.

இரண்டாவது தட்டில் சீனி வருத்தக்காரருக்கென்றே அவிக்கிற கறுத்தக் குரக்கன் புட்டு. பக்கத்தில் அவித்த போஞ்சிக்காய். கறி என்று சொல்ல ஒரு சொட்டும் இல்லை.

"அத்தான், உங்களுக்கெண்டு உப்பில்லாமல் தனியா அவிச்சனான்."

சிறீதரன் மெல்ல நிமிர்ந்தார். ஏப்ரன் கட்டிக்கொண்டு குமுதினி நின்றாள். முதியோர் இல்லத்தை விட்டுவிட்டு, போன மாதம்தான் இந்தக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தாளாம்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீர்தானே இந்தக் கடை வேண்டாமெண்டு சொன்னனீர்!"

புஷ்பமலர் எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"வேற என்னெண்டு உங்களைக் கூட்டிக்கொண்டு வாறது?"