மச்சானுக்கு: என் நல்லநடப்பு ஒரு வருஷம் முடிந்தது

கொல்லங்கோடு, தோட்டத்து வீடு
வெள்ளிக்கிழமை காலை

சின்னக்கானலில் வசிக்கும், என் வணக்கத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் மோகனசுந்தரம் அவர்களுக்கு, மாப்பிள்ளை செங்கோட்டையன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை காளியாத்தாளும், மகள் கிருத்திகாவும், இரண்டு மாடும், புதிதாக வந்த ஒரு கிடாரிக் கன்றும் சௌக்கியம். அங்கே உங்கள் வீட்டாரும், நீங்கள் நடத்தும் விடுதியும், அதில் வந்து தங்குகிறவர்களும், யானை இதுவரை மிதிக்காத வேலியும் அதே மாதிரி சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்தால் நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள், "இப்ப யாரை அடிச்சுப்போட்டீங்க மாப்ளே?" என்று கேட்கிறீர்கள். ஒரு வருஷமாக இதே கேள்விதான். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோதும் இதைத்தான் கேட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. எனக்காகக் கோர்ட்டில் நிலவரி கட்டிய ரசீதை நீட்டி ஜாமீன் நின்றவர் நீங்கள். நான் கையை நீட்டினால் உங்கள் நிலத்துக்கு வில்லங்கம் வரும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் யாரையும் அடிக்கவில்லை. நேற்று வியாழக்கிழமையோடு ஒரு வருஷம் முழுசாக முடிந்தது. நீங்கள் இனிமேல் காலை நீட்டிப் படுத்துத் தூங்கலாம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட கதையெல்லாம் உங்கள் தங்கை சொன்னது, அதில் நான் எப்போதும் கோமாளியாக வருவேன். வாய்க்கால் தண்ணீர் என் முறையில் வரும்போது பக்கத்துத் தோட்டத்துப் பூபதிராஜா மடையைத் திருப்பிக்கொண்டதும், நான் ஒரே ஒரு தென்னை மட்டையால் அவன் முதுகில் ஒரே ஒரு தடவை போட்டதும், அவன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்துக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். கோர்ட்டில் ஜட்ஜ் அம்மா என் வயதைப் பார்த்து, முதல் தப்பு என்பதால் ஜெயில் வேண்டாம், ஒரு வருஷம் நல்லநடப்பில், அதாவது புரொபேஷனில், இருக்கட்டும் என்று சொன்னார்கள். நான் அதைக் கேட்டு, சும்மா இருப்பதுதானே, இதில் என்ன கஷ்டம் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். நிபந்தனைகளை வீட்டுக்கு வந்து கிருத்திகா படித்துச் சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது. யாரோடும் சண்டை கூடாது. கள்ளு கூடாது. மாதம் ஒரு தடவை நன்னடத்தை அதிகாரியைப் பார்க்க வேண்டும். அனுமதி இல்லாமல் பாலக்காடு ஜில்லாவை விட்டு வெளியே போகக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை எழுதியவர்கள் நம் தோட்டத்தைப் பார்த்ததில்லை. வீடு கேரளாவில் இருக்கிறது, கிணறு கேரளாவில் இருக்கிறது, மாட்டுத் தொழுவமும் மோட்டார் ரூமும் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தாத்தா காலத்தில் கல் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்துக் கட்டவில்லை. முப்பது வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நான் மாநிலம் விட்டு மாநிலம் போய்க்கொண்டிருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து உங்கள் தங்கை போய் மோட்டார் போடுவாள், நான் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, "பச்சைப் பட்டனை அமுக்கு, சிவப்பு இல்லை, பச்சை" என்று கத்துவேன். அவள் அங்கிருந்து, "இத்தனை வருசமா எனக்கும் கண்ணு தெரியுமுங்க" என்று திருப்பிக் கத்துவாள். சாணி அள்ளுவது, தீவனம் வைப்பது, பால் கறப்பது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. நான் கல்லின் மேல் உட்கார்ந்து யோசனை மட்டும் சொல்வேன். ஒருநாள் அவள் வாளியை என் முன்னால் தொப்பென்று வைத்து, "தண்டனை உங்களுக்கா, எனக்குங்களா?" என்று கேட்டாள். நான் வாளியை எடுத்துக் கழுவி வைத்தேன். சண்டை கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் இல்லையா.

அதிகாரி யார் என்று கேட்டால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். இந்து என்று பெயர், கிருத்திகாவை விட நாலைந்து வயதுதான் மூத்தவர், உங்கள் சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுகிற அதிகாரி கிடைத்தாரே என்று சந்தோஷப்பட்டேன். பேசிய பிறகு மலையாளமே மேல் என்று தோன்றியது. முதல் நாளே வீட்டுக்கு வந்து, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "ஐயா, நான் மாசாமாசம் உங்களப் பத்தி ரிப்போர்ட் எழுதணும். நீங்க சொல்லுததை மட்டும் வச்சு எழுத முடியாது. அக்கம்பக்கத்துல விசாரிப்பேன்" என்றார். அக்கம் என்று பார்த்தால் வாய்க்கால். பக்கம் என்று பார்த்தால் பூபதிராஜா. சுற்றி ஒரு மைலுக்கு எங்களுக்கு வேறு மனிதர் கிடையாது. ஆக, நான் நல்லவனா கெட்டவனா என்று கோர்ட்டுக்குச் சொல்லும் பொறுப்பு, என்னிடம் அடி வாங்கியவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவன் அந்த வருஷத்தை அனுபவித்த மாதிரி யாரும் எதையும் அனுபவித்திருக்க மாட்டார்கள். என் மரத்துத் தேங்காய் அவன் பக்கம் விழுந்தால் என் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போவான். அவன் ஆடு என் வாழைக்கன்றைக் கடித்துக்கொண்டிருக்கும், அவன் வேலி ஓரமாக வந்து நின்று, "ஏனுங்ணா, கோவம் வருதுங்களா?" என்று அக்கறையாகக் கேட்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லை பூபதி, ஆடு நல்லாத் தின்னட்டும்" என்பேன். கள் இறக்குகிறவர் என் மரத்திலிருந்தே இறக்கிய கள்ளை என் எதிரே ஊற்றிக் கொடுக்க, பூபதி ஒரு குவளை குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, "தேன் மாதிரி இருக்குதுங்ணா, உங்க மரமாச்சே" என்றான். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்து மேடம் இன்னொரு வேலையும் வைத்தார். நான் நாலு பேரோடு பழகக் கற்றுக்கொள்ள வேண்டுமாம், ஏதாவது ஒரு சங்கத்தில் சேர வேண்டுமாம். ஊரில் இருப்பது பால் சங்கம் ஒன்றுதான். அங்கே போனால், தொண்ணூறு நாள் தவறாமல் பால் ஊற்றினால்தான் ஓட்டுள்ள மெம்பர், அதுவரை தற்காலிக மெம்பர் என்றார்கள். சொன்னவர் சங்கத்துத் தலைவர். தலைவர் யார் என்று நான் எழுத வேண்டுமா? பூபதிராஜாதான். எனக்குத் தண்டனை வருவதற்கு ஒரு வருஷம் முன்பே பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த கிருத்திகாவும் இரண்டு வருஷப் புரொபேஷனில் இருந்தாள். அவள் ஒருநாள் சாப்பிடும்போது, "ஏனுங்கப்பா, நம்ம ஊட்டுல மூணு புரொபேஷன் நடக்குது. எனக்கு ஒண்ணு, உங்களுக்குக் கோர்ட்டுல ஒண்ணு, பால் சங்கத்துல ஒண்ணு" என்று சிரித்தாள். சோறு போட்டுக்கொண்டிருந்த உங்கள் தங்கை, "எனக்கு முப்பத்திரண்டு வருசமா நடந்துட்டிருக்குது. அதை யாரு வந்து முடிச்சுக் குடுக்கறது?" என்றாள். நானும் மகளும் தலை நிமிராமல் சாப்பிட்டோம்.

எண்பத்தேழாவது நாள் பெரிய கண்டம் வந்தது. வரிசையில் இருபது பேர் நிற்கும்போது பூபதி என் பாலில் பால்மானியை விட்டுப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தண்ணி கொஞ்சம் தாராளமா இருக்குதுங்ணா. வாய்க்கால் தண்ணிங்களா?" என்றான். மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, என் கை மேலே போய்விட்டது. தலைக்கு மேல் முழுசாக ஓங்கிவிட்டேன். வரிசை மொத்தமும் பின்னால் நகர்ந்தது. அப்போது என் கண் முன்னால் உங்கள் முகம்தான் வந்தது, அந்த ரசீதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டில் வியர்த்துக்கொண்டு நின்றீர்களே, அந்த முகம். ஓங்கிய கையைக் கீழே இறக்கவும் முடியவில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை. இன்னொரு கையையும் மேலே தூக்கி, இரண்டையும் சேர்த்து, தலைக்கு மேல் ஒரு கும்பிடு போட்டேன். "தலைவர் சொன்னாச் சரிதான்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மாத ரிப்போர்ட்டில் மேடம், 'பணிவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று எழுதியிருந்தார்.

கன்றுக்குட்டி கதையோடு முடித்துவிடுகிறேன். போன மாதம் ஒரு மத்தியானம் செவலை மாடு தொழுவத்தில், அதாவது தமிழ்நாட்டில், கன்று போட முக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கால் வெளியே வந்து நின்றுவிட்டது. உங்கள் தங்கை தனியாக இழுக்கிறாள், வரவில்லை, "சீக்கிரம் வாங்க, போயிருமாட்ட இருக்குது!" என்று கத்துகிறாள். நான் பதினைந்து அடி தள்ளி, கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். மாடு செத்தால் பொறுக்க முடியாது, கல்லைத் தாண்டினால் உங்கள் நிலம் போய்விடும். மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், நான் தமிழ்நாட்டுக்குப் போகணுமுங்க!"

"எத்தன நாளைக்குய்யா?"

"அரை மணி நேரம் போதுமுங்க."

"அரை மணி நேரத்துல எங்கய்யா போயிட்டு வருவீங்க?"

"பாஞ்சடி தூரமுங்க. மாடு கன்னு போடுதுங்க!"

எல்லைக் கல் கதையை மேடத்துக்கு மூச்சு விடாமல் சொன்னேன். பிறகு, "பாஞ்சடியோ பாஞ்சு மைலோ, எழுத்துல இருக்கணும்யா. அபேட்சை, அதான் மனு, ஒண்ணு எழுதிப் படம் எடுத்து அனுப்புங்க" என்றார். நான் சிமெண்டுச் சாக்குக் காகிதத்தைக் கிழித்து, 'பிரசவ காரியமாக வெளி மாநிலம் செல்ல அனுமதி வேண்டி' என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் அனுமதி வந்தது. நான் கல்லைத் தாண்டி ஓடினால், எனக்கு முன்னால் அங்கே பூபதிராஜா இருக்கிறான். உங்கள் தங்கை கத்தியது கேட்டு வேலி தாண்டி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, கன்றின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "புடிங்ணா, ஒட்டுக்கா இழுக்கலாம்" என்றான். இரண்டு பேரும் சேர்ந்து ஒட்டுக்கா இழுத்தோம். கன்று வந்து எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது. அன்றைக்கு அவன் கோபம் வருகிறதா என்று கேட்கவில்லை. நானும் மட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உங்கள் தங்கை கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனான். ஒரு தடவை கன்று இழுத்ததற்காக நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவன் ஆடு இன்னமும் என் வாழையில்தான் இருக்கிறது.

ஆக, மச்சான், நேற்றோடு எல்லாம் தீர்ந்தது. கிருத்திகாவுக்கும் வேலை உறுதியாகிவிட்டது. நான் ஓட்டுள்ள மெம்பர் ஆகிவிட்டேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கல்லைத் தாண்டிப் போய் மோட்டார் போட்டேன், திரும்பி வந்தேன், சும்மா இன்னொரு தடவை போய்விட்டு வந்தேன். நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. இனி நான் சாகும்வரை கோர்ட்டுப் படி ஏற மாட்டேன், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன், உங்களையும் எதற்கும் தொந்தரவு செய்ய மாட்டேன். இது மாரியம்மன் மேல் சத்தியம். கடைசியாக மேடத்தைப் பார்த்து, எல்லாம் முடிந்ததென்று ஒரு காகிதம் வாங்கி, அதன் நகலை உங்களுக்கு இதோடு வைத்து அனுப்புகிறேன். இப்போது அதற்குத்தான் கிளம்புகிறேன்.

உங்கள் நிலம் உங்கள் பேரப்பிள்ளைகள் வரை உங்கள் பேரிலேயே இருக்கவும், உங்கள் ரத்தக் கொதிப்பு இறங்கவும், யானைகள் வேறு வழியாகப் போகவும் எல்லாம் வல்ல மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாப்பிள்ளை
செங்கோட்டையன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை சாயங்காலம்): மேடத்தைக் கோர்ட்டில்தான் பார்க்க முடிந்தது. உள்ளே கூண்டில் பூபதிராஜா நிற்கிறான். பால் வண்டி டிரைவர் ஒரு கேனைப் புளித்தது என்று திருப்பிவிட்டதற்கு, கேன் மூடியை எடுத்து அந்த ஆளின் மண்டையில் போட்டிருக்கிறான். ஆறு மாதமாகக் கேஸ் நடந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கும் ஜெயில் இல்லை, ஒரு வருஷம் நல்லநடப்பு. ஜாமீனுக்கு வருகிறேன் என்று சொன்ன அவன் சொந்தத் தம்பி ஆறுமுகசாமி வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், யாரும் இல்லை. அவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். மச்சான், போன வருஷம் நானும் அதே இடத்தில் நின்று அதே வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சின்னக்கானலிலிருந்து ராத்திரி முழுக்க பஸ் மாறி வந்து உள்ளே நுழைந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. மேடம் என்னைப் பார்த்து, "ஐயா, யோசிச்சுத்தான் எந்திரிச்சீங்களா?" என்று கேட்டார். யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி ஒரு வருஷம் அவன் யாரையும் அடிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அவன் குணத்தைப் பார்த்து, ஒரு ஜாமீன் போதாது, நிலம் உள்ள இன்னொருவரும் வேண்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அதுவரை அவனை என் பேச்சை நம்பி வெளியே விட்டிருக்கிறார்கள். இன்னொருவர் அடுத்த வெள்ளிக்கிழமை கட்டாயம் வருவார் என்று உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். ரசீதை மறக்காமல் எடுத்து வாருங்கள்.