நாலாம் மாடிச் சத்தம்

"டெத்துன்னு பேர் வெச்சிட்டு அதுல மெலடி எங்கருந்துண்ணே வந்துச்சு?"

பண்டமாரான் அடுக்குமாடி அலுவலகத்தில் நிர்வாகி கமலநாதன் புகார்க் கடிதத்தை டொமினிக்கிடம் தள்ளினான். 'நாலாம் மாடிச் சத்தம் தாங்க முடியவில்லை.' கீழே பத்துக் கையெழுத்து. முதல் கையெழுத்து எதிர்வீட்டுப் பவுனம்மாளுடையது.

"மெலடிக் டெத் மெட்டல்னா அப்படித்தான் கமல். கிட்டார் அழுவும். பாடறவன் உறுமுவான்."

"உறுமறது நீங்கதானே?"

"நான்தான்."

"மூணாவது புகார் வந்தா வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிடுவாரு. பாத்துக்குங்க லா."

நாற்பத்தெட்டு வயதில், பகலெல்லாம் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்து சாயங்காலம் உறுமுகிற ஆளை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் வரும் ஞாயிறு அவர் மனைவி குளோரியாவின் முதலாண்டு நினைவுப் பூசை. அதற்குள் அவளுக்கான பாட்டை முடித்தாக வேண்டும். கோயிலில் போட முடியாது, ஃபாதர் மயங்கி விழுந்துவிடுவார். வீட்டில் அவள் படத்துக்கு முன்னால் ஒரு தடவை போட்டால் போதும். கிட்டார் மெட்டு அவள் சமையலறையில் எப்போதும் முனகிக்கொண்டிருந்ததுதான். அது உலகத்தில் தனக்கு மட்டுமே தெரியும் என்பதில் டொமினிக்குக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்றே ஸ்பீக்கரில் கிட்டாரை ஓடவிட்டு, மைக்கோடு துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். குளோரியாவின் சேலைகளுக்கு நடுவே நின்று உறுமினார். இரண்டாம் வரியில் அழுகை வந்துவிட்டது. உறுமலுக்கு அது வசதியாகவே இருந்தது. வெளியே கிட்டாரைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் இரண்டாவது கடிதம், இருபத்திரண்டு கையெழுத்து.

"கொறச்சிட்டேனே கமல்!"

"கூடிப்போச்சுன்றாங்கண்ணே. அஞ்சாம் மாடி ஆன்ட்டிக்குச் சோறே எறங்கலயாம்."

சரி, உறுமல் வீட்டிலேயே வேண்டாம். வெள்ளிக்கிழமை காரில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆரம்பித்தார். காவலாளி பக்கிரிசாமி ஓடிவந்து கதவைத் திறந்தார். இருக்கையைச் சாய்த்து, டொமினிக்கின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தத் தொடங்கினார்.

"அண்ணே... இது பாட்டுண்ணே!"

"பேசாதீங்க பாஸ், அம்புலன்ஸ் வருது!"

விலா வலியில் அதற்குப் பிறகு உறுமவே முடியவில்லை. சனிக்கிழமை காலையிலிருந்து சமையலறையில் உட்கார்ந்து, கிட்டாரை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துச் சரிசெய்தார். புழுக்கம் என்று சன்னலையும் திறந்து வைத்தார். இனி யார் என்ன குறை சொல்லிவிட முடியும்?

மதியம் கதவு தட்டப்பட்டது. பவுனம்மாள் நின்றாள். பின்னால் கமலநாதன், கையில் மூன்றாவது கடிதம். நாலாம் மாடி மொத்தமும் கையெழுத்துப் போட்டிருந்தது.

"உறுமறத நிறுத்திட்டேன்க்கா." டொமினிக் விலாவைப் பிடித்துக்கொண்டார். "அவ வாழ்ந்த வீடுக்கா இது. இதையும் விட்டுட்டு நான் எங்க போவேன்? இன்னும் எதத்தான் நிறுத்தச் சொல்றீங்க?"

பவுனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ உறுமுனதுக்கு யாருய்யா புகார் குடுத்தா? அந்தக் கிட்டார நிறுத்துய்யா. குளோரியா இன்னும் சமையல்கட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டு நிக்கற மாதிரியே இருக்கு."