குறி சொன்ன தடியன்

எங்கள் தெருவில் ஒரு மீன் குறி சொன்னது. சிரிக்காதீர்கள், அது என் வீட்டுத் தோட்டத்துக் குளத்து மீன். பெயர் தடியன். கேட்டிலிருந்து தெருமுனை வரை கூட்டம். மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா, பக்கத்து வீட்டு வக்கீல் எல்லாரும் கால்கடுக்க நின்றார்கள். வரிசையை ஒழுங்குபடுத்தியவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தும் ஒரு மேதை. அந்த மேதை நான்தான்.

குளம் என் மனைவியுடையது. தடியனை விரல் நீளக் குட்டியிலிருந்து வளர்த்தவள் அவள். இலையுதிர் காலத்தில், உடம்பு சரியில்லாத தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பினாள்.

"விழுற இலையை அள்ளிப் போடுங்க. குளிர் வந்தா தீனி போடாதீங்க, அதுக்குச் செரிக்காது. வெயில் காலத்துல காத்து மோட்டாரை மட்டும் நிறுத்தவே கூடாது. தடியன் பத்திரம்" என்றாள். தலையாட்டினேன். அந்த வித்தையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இலை விழுந்தது, நான் அள்ளவில்லை. குளிரில் மீன்கள் அடியில் அசையாமல் கிடந்தன. செத்துவிட்டனவோ என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். வக்கீல்தான், மீன் வாயசைப்பதைப் பார்த்துக் குறி சொல்லும் மீன்வாய் ஜோசியரை அழைத்து வந்தார். "மௌன விரதம் இருக்குது. வெயில் வந்தா பேசும்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஜோசியர்.

சொன்னபடியே வெயிலோடு வந்தார். "இந்த இரைச்சல்ல மீன் வாக்கு எப்படி சார் காதுல விழும்? மோட்டாரை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். சில நாளில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்குப் புல்லரித்துவிட்டது.

கேள்வி கேட்பவர்கள் ஜோசியரிடமே ரொட்டி வாங்கிக் குளத்தில் போட வேண்டும். ரொட்டி அழுகித் தண்ணீர் நாறியது. நாற நாற மீன்கள் அதிகம் பேசின, பேசப் பேச ரொட்டி அதிகம் விற்றது. ஒரு குட்டி மீன் செத்து மிதந்தபோது "முக்தி" என்றார். எல்லாரும் கைகூப்பினோம். பிறகு நான், தலைமை ஆசிரியர் ஆவேனா என்று கேட்டேன். தடியன் வாயைப் பிளந்தான். "கண்டிப்பா ஆவீங்கன்னு சொல்றான்" என்றார். அன்றிலிருந்து நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

மனைவி திரும்பி வந்த அன்றும் வரிசை நின்றது. பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டுக் குளத்துக்கு ஓடினாள். தடியன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தான். அவள் கண் கலங்கிவிட்டது.

"மோட்டாரை யாரு நிறுத்துனது?"

வரிசை மொத்தமும் என்னைக் காட்டியது. பக்தர்களின் நன்றியுணர்ச்சி அப்படி.

"சத்தம் வந்தா மீன் பேசாதும்மா" என்றார் ஜோசியர்.

"அப்படியா? பாத்துடலாம்."

சமையலறை மிக்ஸியைக் கொண்டுவந்து குளத்தோரம் ஸ்டூலில் வைத்து ஓடவிட்டாள். தையல்காரம்மா காதைப் பொத்திக்கொண்டார். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடியபடியே இருந்தன. மிக்ஸியை நிறுத்தினாள். காற்று மோட்டாரைப் போட்டாள். அது மெல்ல முனகியது, தண்ணீரில் குமிழி கிளம்பியது. மீன்கள் குமிழியைச் சுற்றிக் கூடின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. கடைசியாகத் தடியன் நிமிர்ந்து வாலை ஆட்டிக்கொண்டு போனான்.

"மிக்ஸி சத்தத்துக்குப் பேசுச்சு, மோட்டார் சத்தத்துக்குப் பேசலையா?" என்று மனைவி கேட்டாள். "மூச்சு முட்டிச் சாகக் கிடந்துச்சுய்யா. அதுக்கிட்டப் போயி எதிர்காலம் கேட்டீங்களே."

திரும்பிப் பார்த்தால் ஜோசியர் ரொட்டிக் கூடையோடு கேட்டைத் தாண்டியிருந்தார். அவருடைய எதிர்காலத்தை மட்டும் மீன் உதவியில்லாமலே கணித்துவிட்டார்.

வக்கீலுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "இப்ப எல்லா மீனும் வாயை மூடிடுச்சே, அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அதுக்கு வேணுங்கறது தண்ணியில இருக்கு, கிடைச்சிடுச்சு. உங்களுக்கு வேணுங்கறது கழுத்துக்கு மேல இருக்கு. போய்த் தேடுங்க."

வக்கீலிடம் பேசினாளே தவிர, பார்த்தது என்னைத்தான். மறுநாள் வகுப்பில் பிராணவாயு பாடம். கரும்பலகையில் எழுதிவிட்டு முதல் முறையாக நானும் அதைப் படித்தேன். உங்கள் வீட்டு மீன் வாயைத் திறந்தால் ஜோசியரைக் கூப்பிடாதீர்கள், மோட்டாரைப் பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் மூளை ஓடுகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.