மூட்டைபாபு வழி கேட்கிறார்

கொல்கத்தாவில் வழி தெரியாமல் அலைந்தவர்கள் ஏராளம். வழி நன்றாகத் தெரிந்திருந்தும், வழி கேட்டே இம்மாநகரம் முழுவதையும் பார்த்து முடித்தவர் மூட்டைபாபு ஒருவரே என்று எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

அவர் மலேசியாவில், ஈப்போவில், உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவிக்குத் தூரத்து உறவு. எவ்வளவு தூரம் என்பதை அவளாலும் விளக்க இயலவில்லை. போன ஆண்டு ஆடி மாதத்து அடைமழையில், லேக் கார்டன்ஸில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நின்றார். முதுகில் அவர் தலைக்கு மேல் எழும்பிய ஒரு மூட்டை. விமான நிலையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"டாக்சி கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"கிடைச்சது அண்ணே. ஆனா டாக்சிக்காரனுக்கு வழி தெரியுதே. அப்புறம் நான் யார்கிட்ட பேசுறது?"

அந்த மூட்டையை அவர் இறக்கவே மாட்டார். லிப்டுக்குள் அவர் ஒருமுறை திரும்பினால், உடன் வருபவர் மூக்குக்கண்ணாடியைத் தரையில் தேட வேண்டியிருக்கும். அன்று மாலைக்குள் கட்டடத்து வங்காளிகள் அவருக்கு, தமிழில் சொன்னால், 'மூட்டைபாபு' என்று பெயர் சூட்டிவிட்டனர்.

விருந்தினர் அறையில் மெத்தை விரித்துக் காத்திருந்தாள் என் மனைவி. அவரோ, "வீட்டுக்குள்ள படுத்தா ஊரு தெரியாது லா" என்று சொல்லி, தெருவைப் பார்த்த பால்கனியில் கயிற்றுத் தொட்டில் ஒன்றைக் கட்டி ஏறிப் படுத்துக்கொண்டார்.

இங்கே என் நிலையைக் கூற வேண்டும். நான் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவின் துர்கா பூஜைக் குழுவுக்கு அதுவரை தமிழர் எவரும் தலைவரானதில்லை. அவ்வாண்டு என் பெயர் அடிபட்டது. ஞாயிறு காலை குழுவின் பெரியவர்கள் என் வீட்டில் தேநீர் அருந்தி முடிவு சொல்வதாக ஏற்பாடு. அதற்குள், விருந்தாளியைப் பால்கனியில் தொங்கவிட்டவன் என்ற பெயர் எனக்கு வரலாமா?

மூட்டைபாபுவுக்கு அந்தக் கவலை இல்லை. ஏதேனும் ஒரு டீக்கடை முன் நின்று, "விக்டோரியா மெமோரியல் எங்க இருக்கு?" என்று தமிழிலேயே கேட்பார். மெமோரியல் எதிரிலேயே தெரிந்துகொண்டிருக்கும். வழி கேட்டவரைச் சும்மா அனுப்பும் வழக்கம் இவ்வூரில் கிடையாது. ஒருவர் பஸ் என்பார். இன்னொருவர் மெட்ரோ என்பார். மூன்றாமவர் இருவரையும் மூடர் என்பார். விவாதம் சூடுபிடித்ததும் எவராவது எல்லோருக்கும் தேநீர் சொல்வார். இறுதியில் ஒருவர் கூடவே நடந்து வந்து இடத்தைக் காட்டுவார். அவர் தமிழில் கேட்டார், அவர்கள் வங்காளத்தில் பதிலளித்தார்கள். இரு தரப்பும் திருப்தியடைந்தன.

"ஊரைப் பாக்கக் காசு கொடுக்கக் கூடாது அண்ணே. காது கொடுக்கணும்" என்றார்.

இதையும் பொறுத்திருப்பேன். இவ்வூர் டீக்கடைகளில் தேநீர் மண் குவளையில் வரும்; குடித்ததும் எறிந்து உடைப்பது மரபு. மூட்டைபாபுவுக்கு மனம் வரவில்லை. "நல்ல பாத்திரத்தை யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா?" என்று கழுவி மூட்டையில் சேர்த்தார். அவர் மாடியேறும் ஓசை, மாட்டு வண்டியில் குயவர் வருவது போல் கேட்கும்.

ஞாயிறும் வந்தது. மூட்டை இடித்துவிடுமென்று அஞ்சிய என் மனைவி, பீங்கான் கோப்பைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியோடு லேக் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். குழுவினரோ சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டனர். வங்காளப் பெரியவர்கள் முன்னதாக வந்தபோதே இது நல்லதற்கில்லை என்று நினைத்தேன்.

"நீங்க பேசிக்கிட்டு இருங்க அண்ணே" என்று அடுக்களைக்குள் போன மூட்டைபாபு, தட்டு நிறையத் தேநீரோடு திரும்பினார். அனைத்தும் மண் குவளைகள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் ஆறுதல் சொன்னார்: "பயப்படாதீங்க. அடுத்தவங்க எச்சில் ஒண்ணுகூட இல்ல. எல்லாம் நான் குடிச்சதுதான்."

அங்கே வேறு எவருக்கும் தமிழ் தெரியாததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன். குழுவின் மூத்தவரான பழைய தலைமையாசிரியர், குவளைகளை மெச்சி, அவற்றைச் சுட்டிக்காட்டி எங்கே வாங்கியவை என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், மூட்டைபாபு ஒவ்வொன்றாகத் தொட்டு, "பவானிபூர். ஷியாம்பஜார். பாக்பஜார்" என்றார். பின்னர் குடிப்பதையும், எறியாமல் கழுவுவதையும், மூட்டையில் போடுவதையும் அபிநயித்துக் காட்டினார். உடற்பயிற்சி ஆசிரியர் அல்லவா, ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை.

பொருளாளர் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தார்.

தலைமையாசிரியர் மெல்லக் கேட்டார்: "பாக்பஜார் குவளை எது? நான் பிறந்த இடம். அங்கிருந்து எந்த வழியாக வந்தீர்?"

"தெரியலையே. எப்படி வரணும்?" என்றார் மூட்டைபாபு, கைகளை விரித்து.

அவ்வளவுதான். அறை டீக்கடையாயிற்று. வாதாட வேண்டியிருந்ததால் பொருளாளர் விழுங்கிவிட்டார். அவர் கை வீசிய வேகத்தில் பவானிபூர்க் குவளை தரையில் விழுந்து சிதறியது. மூட்டைபாபு முதல்முறையாக மூட்டையை இறக்கி வைத்து, குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். அவர் முகம் வாடி அப்போதுதான் பார்த்தேன்.

நண்பகலில் முடிவு அறிவிக்கப்பட்டது. தலைவர், மூட்டைபாபு.

"அவர் அயல்நாட்டவர். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார்" என்று நினைவூட்டினேன்.

"அதனால்தான். ஊரில் இல்லாத தலைவரோடு யாரும் சண்டை போட முடியாது" என்றார் தலைமையாசிரியர். "நீங்கள் துணைத்தலைவர். வேலையெல்லாம் உங்களுடையது."

அடுத்த வாரம் விடைபெறும்போது, "ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போறது அண்ணே?" என்று கேட்டார் மூட்டைபாபு. "தெரிந்த வழியை ஏன் கேட்கிறீர்?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பூஜைப் பந்தலில் அவர் பெயர் பெரிதாகவும் என் பெயர் கீழே சிறிதாகவும் எழுதப்பட்டிருந்தன.

போன வாரம் பவானிபூரில், என் தகுதிக்குச் சற்றும் பொருந்தாத ஒரு டீக்கடை முன் நின்று, லேக் மார்க்கெட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். உடனே கூட்டம் கூடிற்று. யாரோ தேநீர் வாங்கித் தந்தார். குடித்து முடித்து, தெரிந்தவர் எவரும் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, குவளையைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

ஈப்போவுக்கு உடையாமல் மண் குவளை அனுப்பும் வழி யாருக்கேனும் தெரிந்தால் சொல்லுங்கள்.